சுங்கான்: கேள்வி – பதில்

சுங்கான் (புகையிலை அடைத்துப் புகைக்கும் பைப்) பற்றி வந்து சேர்ந்த கேள்விகளை இம்முறை ஒரே பக்கத்தில் தந்திருக்கிறோம். ஏற்கெனவே சுங்கான் வைத்திருப்பவர்களுக்காகவும், வீட்டில் ஒன்று கிடக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காகவும் எழுதியவை இவை. இதுவரை புகைக்காதவர் இதைப் படித்துத் தொடங்கவேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே கிண்ணம் என்பது புகையிலை அடைக்கும் பகுதி, தண்டு அதிலிருந்து நீளும் பகுதி, வாய்க்குழல் வாயில் வைக்கும் பகுதி.

கேள்வி: புதிதாகத் திறந்த புகையிலைப் பேணி. ஆனாலும் சோளகம் தொடங்கி மழை பிடித்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துவிடுகிறது. ஒரு மணித்தியாலம் கடதாசியில் பரப்பி உலர விட்டேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. என்ன பிழை? — வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கையில் பிழை இல்லை, கொழும்புக் காற்றில்தான் பிழை. "ஒரு மணித்தியாலம் பரப்பி வையுங்கள்" என்ற ஆலோசனை, வீட்டைச் சூடாக்கி வாழும் குளிர்நாட்டுக்காரருக்குச் சொன்னது. அங்கே அறைக் காற்று காய்ந்து கிடக்கும். புகையிலை தன் ஈரத்தை அதற்குக் கொடுத்துவிடும். இங்கே மழை நாளில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. அந்தக் காற்றில் பரப்பிய புகையிலை ஈரத்தைக் கொடுக்காது, வாங்கும். உப்புப் போத்தலில் உப்பு கசிவதைப் பார்த்தாலே தெரியும். அதே கணக்குத்தான் இதுவும்.

பேணிக்குள் வரும் புகையிலை பெரும்பாலும் நன்றாக எரிவதற்கு வேண்டியதைவிடக் கூடுதலான ஈரத்தோடுதான் அடைக்கப்பட்டிருக்கும். கெடாமலும் நொறுங்காமலும் இருப்பதற்காக அப்படி அடைக்கிறார்கள். ஆகவே உலர்த்தத்தான் வேண்டும். எங்கே வைத்து உலர்த்துவது என்பதுதான் விஷயம்.

நம்பகமான இடம் ஏசி அறை. ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் நீரையும் பிழிந்து வெளியே விடுகிறது. ஒரு தடவைக்கு வேண்டிய 2 அல்லது 3 கிராமை மட்டும் எடுத்து, அச்சு மை இல்லாத வெள்ளைக் கடதாசியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நூலாக வெட்டியது என்றால் 20 முதல் 30 நிமிடம் போதும். தகடாக வெட்டியது என்றால் முதலில் விரலால் உதிர்த்து, முக்கால் மணித்தியாலம் விடுங்கள். முழுப் பேணியையும் திறந்து உலர்த்தாதீர்கள், வாசனைதான் போகும்.

ஏசி இல்லாத வீட்டில் பழைய இழை பல்ப் போட்ட மேசை விளக்கு உதவும். ஒரு அடி உயரத்தில் வைத்து 15 நிமிடம். எல்ஈடி பல்ப்பில் அவ்வளவு சூடு வராது, பயனில்லை. வெயிலில் வைப்பதானால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

போதுமா என்று பார்ப்பது எப்படி? ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்தி, மூன்று எண்ணி, விடுங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம். மெல்ல மெல்ல விரிந்து பழைய உருவுக்கு வந்தால் சரி. நொறுங்கும் சத்தம் கேட்டால் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. ஆனால் கொழும்பில் அது ஒரு கவலையே அல்ல. ஏசி அறைக்கு வெளியே பத்து நிமிடம் திறந்து வைத்தால் தானாகவே பதத்துக்கு வந்துவிடும். விரலைவிட நுட்பமான இன்னொரு சோதனை உண்டு. அந்தச் சிட்டிகையை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. நீர் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்.

வனிலா, செரி போன்ற வாசனை சேர்த்த கலவைகள் இந்தச் சோதனைகளுக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. அவற்றில் ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே புரொப்பிலீன் கிளைக்கோல் போன்றவை சேர்ப்பார்கள். எவ்வளவு உலர்த்தினாலும் பிசுபிசுப்புப் போகாது. அது போகும்வரை காத்திருந்தால் புகையிலைதான் செத்துப்போகும். அரை மணித்தியாலத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தீப்பெட்டியையும் மறக்காதீர்கள். மழைக்காலத்தில் பெட்டியின் உரசும் பக்கம் பதத்துப்போய், குச்சி பாதியிலேயே சீறி அணையும். மூடி இறுகும் ஜாம் போத்தல் ஒன்றில் பெட்டியோடு போட்டு வையுங்கள்.

கேள்வி: பாதி புகைத்தபின் தண்டுக்குள் களகளவென்று சத்தம் வருகிறது, கசப்பான தண்ணீர் நாக்குக்கு வருகிறது. விலை கூடிய சுங்கான், இருந்தும் ஏன்? — வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்தத் தண்ணீர் எல்லாமே உமிழ்நீர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படியல்ல. எரிதல் என்பதே நீராவியை உண்டாக்கும் வேலை. இலையிலிருந்த ஈரமும் எரியும்போது புதிதாக உண்டான நீரும் சேர்ந்து ஆவியாகத் தண்டுக்குள் வரும். அங்கே சூடு குறைவு. பானை மூடியில் முத்துமுத்தாக நீர் படிவதுபோலப் படிந்துவிடும். வேகமாக இழுத்தால் ஆவி கூடும், நீரும் கூடும். ஆகவே முதல் சந்தேகம் உங்கள் இழுப்பின் வேகத்தின் மேல். இரண்டாவது புகையிலையின் ஈரத்தின் மேல்.

இரண்டும் சரியாக இருந்தும் களகளத்தால் சுங்கானைச் சோதியுங்கள். சுங்கான் ஆறியிருக்கும்போது, வாய்க்குழலைக் கழற்றாமலே, பைப் கிளீனர் (துளையைத் துடைக்கும் தும்பு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை வாய்ப்பக்கத்தால் விடுங்கள். தடையில்லாமல் கிண்ணத்தின் அடியில் தலைகாட்டினால் துளை நேராக இருக்கிறது. நடுவில் முட்டி நின்றால் வாய்க்குழலின் துளையும் தண்டின் துளையும் ஒரே கோட்டில் இல்லை. அந்தப் படியில்தான் நீர் தேங்குகிறது. வளைந்த சுங்கான்களில் இது அடிக்கடி வரும். இன்னொன்று: வாய்க்குழலின் முளை, அதாவது தண்டுக்குள் செருகும் முனை, தண்டுக்குள் இருக்கும் குழியின் அடிவரை போகிறதா என்று பாருங்கள். இடையில் 2 மில்லிமீட்டர் வெளி இருந்தாலும் அது ஒரு சிறு கிணறு. உங்களுடையது 9 மில்லிமீட்டர் வடிகட்டி போடும் சுங்கானாக இருந்து, வடிகட்டி இல்லாமல் நீங்கள் புகைத்தால் அந்தக் கிணறு இன்னும் பெரிது. அதற்கென விற்கும் மாற்றுக் குழாயைப் போடுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் புது வடிகட்டி போடுங்கள்.

சத்தம் வந்த உடனே செய்யவேண்டியது: கிளீனரை உள்ளே விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்துவிட்டுத் தொடருங்கள். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைத் திருகிக் கழற்றவே கூடாது. ஈரத்திலும் சூட்டிலும் மரம் விரிந்து முளையைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் திருகினால் முளை முறியும், அல்லது தண்டில் மயிரிழை வெடிப்பு விழும். இரண்டையும் திருத்த இங்கே ஆள் தேடுவது பெரும்பாடு.

புறக்கோட்டையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வண்ணக் கம்பித் தும்பைப் பைப் கிளீனருக்குப் பதிலாகப் பாவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது செயற்கை நார். ஈரத்தை உறிஞ்சாது, தும்பும் கழன்று உள்ளே நிற்கும். பருத்தியால் செய்ததுதான் வேண்டும்.

கேள்வி: பல வருடம் பழகியவர்கள் சுங்கானுக்குள் பார்க்காமலே, பேசிக்கொண்டே, அணையாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள்? — வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கையைத்தான். கிண்ணத்தை அணைத்துப் பிடித்திருக்கும் உள்ளங்கை இடைவிடாமல் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். இளஞ்சூடு என்றால் தொடரலாம். பிடித்த பிடியை மாற்றத் தோன்றினால் வேகம் கூடிவிட்டது. சந்தேகமாக இருந்தால் கிண்ணத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். கன்னம் பொறுக்காத சூடு என்றால் மேசையில் வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும். ஆறியபின் மறுபடி பற்றவைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. சூட்டை விரட்டிப் புகைப்பதில்தான் நாக்கும் மரமும் சேதமாகின்றன. கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கத்தைவிடச் சுடுகிறது என்றால் கவனமாக இருங்கள். உள்ளே அந்த இடத்தில் மரம் எரியத் தொடங்கியிருக்கலாம். வெளியே மெருகு குமிழ்விட்டாலோ நிறம் கறுத்தாலோ உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது நிரப்பும்போது விரலுக்குத் தெரியும் செய்தி. முதல் பங்கைத் தூவி விடுங்கள், அழுத்தவேண்டாம். இரண்டாவது பங்கை மெதுவாக அழுத்துங்கள். மூன்றாவதைச் சற்று உறுதியாக. முடிந்ததும் மேலே விரலால் தொட்டால் பஞ்சணைபோல உள்வாங்கித் திரும்பி எழவேண்டும். பிறகு பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பழச்சாற்றுக் குழாயால் தண்ணீர் உறிஞ்சும் அளவுக்கு இலேசான தடை இருந்தால் சரி. கட்டிப் பாலை உறிஞ்சுவதுபோல இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். பற்றவைத்த பிறகு திருத்தலாம் என்று விட்டவர் ஒருவரும் திருத்தியதில்லை.

பற்றவைக்கும் அந்த அரை நிமிடத்தைக் கிட்ட நின்று பார்த்தால் நிறையத் தெரியும். குச்சியை உரசியதும் கொண்டுபோகாதீர்கள்; தலையிலுள்ள மருந்து எரிந்து தீரும்வரை இரண்டு எண்ணுங்கள், இல்லையேல் முதல் இழுப்பிலேயே கந்தகம் நாக்கில் ஏறும். சுவாலையை விளிம்புக்கு மேலே பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே சின்னச் சின்னதாக இழுங்கள். சுவாலை ஒவ்வொரு இழுப்புக்கும் குனிந்து புகையிலையைத் தொட்டுவிட்டு நிமிரும். மேற்பரப்பு கறுத்து, எண்ணெயில் போட்ட பூரிபோல எழும்பி, விளிம்புக்கு மேலே வந்துவிடும். பலர் இதோடு பற்றிவிட்டது என்று எண்ணித் தொடர்ந்து இழுத்து, ஒரு பக்கம் மட்டும் குழி விழ எரித்துவிடுவார்கள். இது வெறும் முதற்சூடு. அணைய விடுங்கள். எழும்பியதை அமுக்கியின் (புகையிலையை அழுத்தும் சிறு கருவி) பாரம் மட்டும் படுமாறு சமப்படுத்துங்கள். இரண்டாவது குச்சிதான் உண்மையான நெருப்பு. அது சரியாகப் பற்றும்போது மிக மெல்லிய மொறுமொறுப்புச் சத்தம் கேட்கும். சத்தமில்லாத அறையில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, புகை. வாயால் புகைமேகம் விடுவது அழகாகத் தெரியலாம். அது அவசரத்தின் அடையாளம். சரியான வேகத்தில் போகும் சுங்கானில், இரண்டு இழுப்புக்கு இடையில் கிண்ணத்திலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்துகொண்டிருக்கும். அந்த நூல் மெலிந்து அறுகிற தறுவாயில் ஒரு சிறு மிடறு. உறிஞ்சுவது என்ற சொல்லே பொருந்தாது. சுடச்சுடப் பிளேன்ரீயை நுனி உதட்டால் சுவைப்பதுபோல. புகையை நெஞ்சுக்குள் இழுப்பது சுங்கானின் முறையே அல்ல.

நான்காவது, சாம்பல். மேலே சேரும் சாம்பலை உடனுக்குடன் கொட்டாதீர்கள். அது நெருப்புக்கு மூடி. அடுப்புத் தணலை நீறு காப்பதுபோலக் காக்கும். அமுக்க இடமில்லாதபோது பாதியைக் கொட்டினால் போதும். முடிவில் கிண்ணத்தில் வெளிர்சாம்பல் பொடி மட்டும் இருந்தால் புகையிலையின் பதமும் நிரப்பிய விதமும் சரி. அடியில் கறுத்த ஈரக் கட்டி கிடந்தால் ஒன்று ஈரம் கூட, அல்லது அடிப்பங்கை இறுக்கிவிட்டீர்கள்.

கடைசியாகச் சுவை. முதல் மூன்றிலொரு பங்கில் இலையின் வாசனை தனித்தனியாகத் தெரியும். நடுப்பங்குதான் வட்டமானது, நிறைவானது. கடைசிப் பங்கில் மேலேயிருந்து இறங்கிய ஈரமும் நிக்கொட்டினும் சேர்ந்து காரம் ஏறும். சுவை தட்டையாகி, வெறும் சாம்பலாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அடிவரை முடிக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. தலை கிறுகிறுத்து, விக்கல் எடுத்து, வியர்த்தால் அது நிக்கொட்டின் கூடியதன் அடையாளம். சுங்கானை வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

கேள்வி: ஒருமுறை நிரப்பினால் எத்தனை குச்சி செலவாவது இயல்பு? — வாசகர், கல்கிசை

பதில்: நான்கு, ஐந்து, அதற்கு மேலும் இயல்புதான். வெளிநாடுகளில் மெதுவாகப் புகைக்கும் போட்டி நடத்துகிறார்கள். ஆளுக்கு 3 கிராம் புகையிலை, 2 தீக்குச்சி, நிரப்ப 5 நிமிடம், பற்றவைக்க 1 நிமிடம். யார் கடைசிவரை அணையாமல் வைத்திருக்கிறாரோ அவர் வென்றவர். அந்தத் திறமை போட்டிக்குரியது. வீட்டில் குச்சியை எண்ணத் தொடங்கினால் அணைந்துவிடும் என்ற பயத்திலேயே வேகம் கூடும்.

கேள்வி: நான்கு நாளாக நாக்கு நுனி எரிகிறது, உறைப்புக் கறி சாப்பிட முடியவில்லை. புகையிலையை மாற்றவேண்டுமா? — வாசகர், தெஹிவளை

பதில்: முதலில் நிறுத்துங்கள். எரிவு முற்றாக ஆறும்வரை ஒரு இழுப்பும் வேண்டாம். சுட்டது பெரும்பாலும் நெருப்பல்ல, நீராவி. ஈரப் புகையிலையை வேகமாக இழுத்தால் இட்லிப் பானை ஆவியில் விரலை வைத்த கதைதான். பிரகாசமான மஞ்சள் நிறமுள்ள வேர்ஜீனியா இலையில் இயற்கைச் சீனி அதிகம். அது சூடாக எரியக்கூடியது, ஆகவே அவசரக்காரரை அதிகம் சுடும். அதைப் புகைப்பவராக இருந்தால் மேலே சொன்னபடி நன்றாக உலர்த்தி, வேகத்தைப் பாதியாக்கினாலே பெரும்பாலும் தீரும். வாய்க்குழலின் துளை எப்போதும் நாக்கின் ஒரே இடத்தை நோக்கி இருந்தால் அந்த இடம்தான் புண்ணாகும்; பிடிக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. இதைக் கடந்து போய்விடாதீர்கள். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், தடவினால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்கும்போது இடறல், வாய் முழுதாகத் திறக்க முடியாமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் அது புகையிலையை மாற்றித் தீர்க்கும் விஷயமல்ல. அயலிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் மருத்துவரிடம் போய் வாயைக் காட்டுங்கள். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. புகையை உள்ளே இழுக்காததால் சுங்கான் ஆபத்தில்லாதது என்று சொல்பவர்கள் தவறு சொல்கிறார்கள். உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. வெற்றிலையும் பாக்கும் போடும் பழக்கமும், மதுவும் சேர்ந்திருந்தால் ஆபத்து பன்மடங்காகும். பற்கள், ஈறு, வாய் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மப்பாவின் லாச்சியில் இரண்டு சுங்கான்கள் கிடந்தன. ஒன்றின் வாய்ப்பகுதி பச்சை கலந்த பழுப்பாகி, கெட்ட முட்டைபோல மணக்கிறது, கழற்றவும் முடியவில்லை. மற்றது வெள்ளைக் கல்போல, பாரமில்லாமல், ஓரங்களில் தேன் நிறமாக இருக்கிறது. நான் புகைப்பதில்லை. பழுதாக்காமல் சுத்தம் செய்து கண்ணாடி அலுமாரியில் வைக்க ஆசை. — வாசகி, மட்டக்குளி

பதில்: வெள்ளையாக இருப்பதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். அது மெர்ஷம், துருக்கியின் எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் வெட்டியெடுக்கும் மென்மையான கனிமத்தில் செதுக்கியதாக இருக்கவேண்டும். அந்தத் தேன் நிறம் அழுக்கல்ல. பல வருடம் புகைத்ததில் உள்ளிருந்து ஊறி வந்த நிறம். அதற்காகவே அதை மதிப்பார்கள். தேய்த்துப் போக்கிவிடாதீர்கள். ஸ்பிரிட் படக்கூடாது, தண்ணீரில் ஊறவிடக்கூடாது, கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் வெளியே ஒற்றி எடுத்தால் போதும். அதன் வாய்க்குழல் மஞ்சளாக, ஒளி ஊடுருவுவதாக இருந்தால் அம்பராக இருக்கலாம். அதற்கும் ஸ்பிரிட் ஆகாது.

மற்றது பிரயர் மரமாக இருக்கும். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேரடியில் திரளும் கட்டியிலிருந்து வெட்டி, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திச் செய்வது. நெருப்பைத் தாங்கும் மரம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். பிரான்ஸின் சென் குளோத் என்ற மலைநகரில் 1850களிலிருந்து இது பெருந்தொழிலானது. கறுப்பு வாய்க்குழல் வல்கனைற்; கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பர். வெளிச்சம் படப்பட மேற்பரப்பு இப்படிப் பச்சையாகும். கெட்ட முட்டை மணமும் அந்தக் கந்தகத்தால்தான்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். சுங்கானைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி 30 நிமிடம் உறைபெட்டியில் வையுங்கள். குளிரில் வல்கனைற் மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும். எடுத்ததும் தண்டை ஒரு கையால் பிடித்து – கிண்ணத்தைப் பிடிக்காதீர்கள், தண்டு முறியும் – மறு கையால் வாய்க்குழலை வலப்பக்கமாக மெல்லத் திருகி வெளியே இழுங்கள். வராவிட்டால் மூட்டில் இரண்டு துளி ஸ்பிரிட் (எது என்பதைக் கீழே சொல்கிறோம்) விட்டு இரவு முழுதும் வைத்து, மறுநாள் மறுபடி செய்யுங்கள். பலத்தைக் காட்டவேண்டிய வேலை இல்லை இது.

கிண்ணத்துக்குள் கரிப்படை இருக்கும். புகைப்பவருக்கு 1 மில்லிமீட்டர் அளவு படை நல்லது, மரத்தைக் காக்கும். அதைவிடத் தடித்தால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைக்கும். கத்தி முனையால் சுரண்டாதீர்கள். அடியில் குழி விழும். கிண்ணத்துக்குள் அடங்கும் தடியான குச்சியில் 100 இலக்க சாண்ட் பேப்பரைச் சுற்றி, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். பிறகு 220 இலக்கம்.

தண்டின் துளைக்குப் பைப் கிளீனரும் காதுப் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டில் தோய்த்து, பஞ்சு வெள்ளையாகவே வெளியே வரும்வரை. முப்பது குச்சி போனாலும் வியக்காதீர்கள். எந்த ஸ்பிரிட் என்றால், குடிக்கத்தக்க, நிறமில்லாத, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள வொட்கா போன்றது. பெயின்ற் வேலைக்கு விற்கும் மெதிலேற்றட் ஸ்பிரிட்டைச் சுங்கானுக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அதில் மெதனோல் இருக்கும், உங்களுக்குப் பின் யாராவது அதை வாயில் வைக்கக்கூடும். சாராயம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வழமையான சாராயம் 33 சதவீத அளவுதான். வொட்காவைவிடத் தண்ணீர் கூட, மரத்தை ஊறவைத்துவிடும். பழைய மணம் போகாவிட்டால் கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுதும் வையுங்கள். காலையில் பஞ்சு தேநீர் நிறத்தில் இருக்கும். அதன் பிறகு ஒரு கிழமையாவது காய விடவேண்டும். இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்பது கொழும்புக்குப் பொருந்தாது.

வாய்க்குழலுக்கு, ஹாட்வெயார் கடையில் தண்ணீரோடு தேய்க்கும் கறுப்பு சாண்ட் பேப்பர் 600, 1000, 1500, 2000 என்று வாங்குங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது முதலில் மண்ணிறக் குழம்பு வரும். அது கறுப்பாக மாறும் இடத்தில் பழுதான தோல் போய் நல்ல இறப்பர் வந்துவிட்டது. அங்கே நிறுத்தி அடுத்த இலக்கத்துக்குப் போங்கள். மூட்டுக்குக் கிட்டத் தேய்க்கும்போது வாய்க்குழலைத் தண்டில் மாட்டி, இடையில் காட்போர்ட் வளையம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு மழுங்கி, பொருத்தம் அசிங்கமாகிவிடும். தண்டிலோ வாய்க்குழலிலோ எழுத்து, புள்ளி, முத்திரை இருந்தால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம். யார் செய்தது, எங்கே செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி. குளோரின் திரவத்தில் ஊறவைத்தால் மேற்பரப்பு அம்மைத் தழும்புபோலாகும். முடிந்ததும் பாமசியில் வாங்கிய லிக்குயிட் பரபினில் ஒரு துளி தடவித் துடையுங்கள்.

கிண்ண விளிம்பில் தார்போல ஒட்டியிருப்பதற்கு வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணி. அதற்கும் அசையாவிட்டால் பஞ்சுக் குச்சியில் எச்சில். நம்புங்கள், பழையவர்கள் கண்ட முறை அது, நன்றாகவே வேலை செய்கிறது. மரத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்.

கண்ணாடி அலுமாரி ஜன்னலுக்கு எதிரே இருந்தால் ஆறு மாதத்தில் பச்சை திரும்பி வரும். வெயில் படாத தட்டில் வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணப் புகையிலையை நறுக்கிச் சுங்கானில் போடலாமா? ஊரிலிருந்து வருகிறது, விலையும் குறைவு. — வாசகர், வத்தளை

பதில்: வேண்டாம். அது மெல்லுவதற்கும் சுருட்டுக்கும் என்று வளர்த்துப் பதப்படுத்திய தடித்த, காரமான இலை. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிப் பெயரெடுத்ததும் அந்தக் காரத்தால்தான். சுங்கானில் அடைத்தால் நிக்கொட்டின் தாங்க முடியாது, தொண்டையும் கமறும். பாணியோ வேறு சேர்மானமோ போட்ட இலை என்றால் எரியவும் எரியாது. கிண்ணத்தின் அடியில் குழம்பாக நிற்கும்.

கேள்வி: இரண்டு வருடமாக வைத்திருந்த பேணியைத் திறந்தால் இலைமேல் வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சணமா? — வாசகர், கொம்பனித்தெரு

பதில்: ரோச் லைட்டைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். சீனிபோல மினுமினுத்து, இலையோடு ஒட்டித் துகளாகத் தெரிந்தால் அது இலையிலிருந்தே வெளிவந்து படிந்த பளிங்கு. பழைய வேர்ஜீனியாத் தகடுகளில் வரும், பழுதல்ல. பஞ்சுபோல எழுந்து, நூல்நூலாகப் படர்ந்து, மினுக்கமில்லாமல், சாம்பலோ பச்சையோ கலந்திருந்தால் பூஞ்சணம். மூக்கும் சொல்லும்: பளிங்கு படிந்தது உலர்பழம்போல மணக்கும், பூஞ்சணம் பிடித்தது ஈரச் சாக்குபோல. பூஞ்சணம் என்றால் ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் முழுவதையும் எறியுங்கள், பேணியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

திறந்த பேணியின் மூடி கொழும்பில் எதையும் காக்காது. இறப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு மழை இல்லாத நாளையோ ஏசி அறையையோ தேர்ந்தெடுங்கள். அடைக்கும்போது உள்ளே போகும் காற்றுத்தான் பிறகு உள்ளேயே இருக்கப்போகிறது. குளிர்சாதனப்பெட்டியில் வைப்பதும் சரியல்ல. எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் நீர் குளிர்ந்த இலைமேல் படியும்.

கேள்வி: முதல் சுங்கானை இலேசாகக் கழுவி வெயிலில் வைத்தேன். ஒரே சுங்கானைத் தினமும் புகைக்கலாமா? — வாசகர், பத்தரமுல்லை

பதில்: கழுவவும் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். புகைத்து முடிந்ததும் கிளீனரை விட்டுத் துடைத்து, புதிது ஒன்றை உள்ளேயே விட்டு, கிண்ணம் கீழேயும் வாய்க்குழல் மேலேயுமாக நிறுத்துங்கள். குளிர்நாட்டில் 24 மணித்தியால ஓய்வு போதும் என்பார்கள். இங்கே இரண்டு நாள் கொடுங்கள், மழை நாளில் மூன்று. ஓய்வில்லாத சுங்கான் புளித்த மணம் எடுக்கும். அதை எந்தப் புகையிலையாலும் மறைக்க முடியாது. லட்டாக்கியா போன்ற, விறகுப் புகையில் பதப்படுத்திய இலைக்குத் தனிச் சுங்கான் வையுங்கள். அதன் மணம் மரத்தில் தங்கிவிடும்.

கேள்வி: காலிமுகத்திடலில் மாலையில் புகைத்தால் சுவையே இல்லை, சுங்கானும் கொதிக்கிறது. — வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: கடற்காற்று துருத்திபோல ஊதுகிறது. நீங்கள் இழுக்காவிட்டாலும் காற்று நெருப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். துளையுள்ள உலோக மூடி ஓரளவு உதவும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது அதைவிட உதவும். சுவை தெரியாததற்குக் காரணம், வாசனை மூக்குக்கு வருமுன்பே காற்று அள்ளிக்கொண்டு போவது. இப்படியே தொடர்ந்தால் பிரயர் எரிந்து துளைவிழக்கூடும். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் பற்றவைக்கவே வேண்டாம்.

கேள்வி: கணவர் வனிலாச் சுங்கான் புகைக்கிறார். அந்த நேரம் வீடு கேக் மாதிரி மணக்கிறது. மறுநாள் காலையில் திரைச்சீலை நாறுகிறது. அவரோ ஒரு மணமும் இல்லை என்கிறார். — வாசகி, நுகேகொடை

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். புகைப்பவரின் மூக்கு பத்து நிமிடத்தில் அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போகிறது. சேர்த்த வாசனை காற்றில்தான் அதிகம் தெரியும், நாக்கில் அவ்வளவு தெரியாது. ஆகவே அவரைவிட உங்களுக்குத்தான் வனிலா கூடுதலாகக் கிடைக்கிறது. இரவில் அந்த வாசனை பறந்துவிட, தார் மட்டும் துணியில் தங்குகிறது. ஈரக் காற்றில் துணி அதை இன்னும் பிடித்துக்கொள்ளும். காலையில் வெளியே போய்த் திரும்பி வந்து அறைக்குள் நுழையும் முதல் மூச்சில் அவரை மணந்து பார்க்கச் சொல்லுங்கள், தெரியும்.

மணம் போக்கும் தெளிப்பான்கள் மேலே பூசுவதோடு சரி. திரைச்சீலையைத் தோய்க்கவேண்டும், சாம்பல் கிண்ணத்தை இரவே கழுவி வெளியே வைக்கவேண்டும். அணைந்த ஈரச் சாம்பல்தான் அறையில் அதிகம் நாறுவது. ஆனால் மணம் போனாலும் புகையின் கெடுதி போகாது. ஜன்னலைத் திறந்தும் மின்விசிறியைப் போட்டும் அதைத் தீர்க்க முடியாது. வீட்டுக்குள்ளே புகைப்பதை நிறுத்தி, பின்வளவுக்கோ மொட்டை மாடிக்கோ அவர் போகட்டும். மழை என்றால் அன்றைக்கு வேண்டாம். அந்த ஈரத்தில் எப்படியும் சரியாக எரியாது.